சிக்னல் செயலி: மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, வேலை முடிந்து இரு சக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த என் தம்பியை வாகனத் தணிக்கையில் நிறுத்திய காவலர் ஒருவர், ஓட்டுநர் உரிமத்தையும் வண்டியின் பதிவுச் சான்றையும் பார்த்து முடித்த பிறகு, கைப்பேசியையும் திறந்து தரச் சொன்னார். அவன் கொடுத்துவிட்டான். பத்து நிமிடம் வாட்ஸ்அப் உரையாடல்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அவர் அதைத் திருப்பித் தந்தார். வழக்கும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் கருவுற்றிருந்த அவன் மனைவியின் பரிசோதனை அறிக்கைகள் முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணில் பட்டுவிட்டன என்பது எங்கள் வீட்டில் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. 2021 அக்டோபரில் ஹைதராபாத் காவலர்கள் சாலையில் செல்வோரை நிறுத்தி, அவர்களுடைய கைப்பேசிகளில் ‘கஞ்சா’ என்ற சொல்லைத் தேடிய காணொளி பரவியபோது அதை வேறு ஊரில் நடந்த செய்தியாகவே நான் படித்திருந்தேன். தம்பிக்கு நேர்ந்த பிறகுதான் குடும்பத்தில் நான்கு பேரும் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாறினோம்.

சிக்னலை நடத்துவது அமெரிக்காவில் உள்ள இலாப நோக்கற்ற அறக்கட்டளை. வாட்ஸ்அப்பின் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன், அந்நிறுவனத்திலிருந்து வெளியேறிய பின் 2018இல் தந்த 5 கோடி டாலரைக் கொண்டு அந்த அறக்கட்டளை தொடங்கப்பட்டது. செயலியில் விளம்பரம் கிடையாது, செய்தி அனுப்பக் கட்டணமும் கிடையாது; பயனர்கள் விரும்பித் தரும் நன்கொடைதான் முதன்மை வருவாய். செய்திகளை அனுப்புபவரின் கருவியிலேயே பூட்டி, பெறுபவரின் கருவியில் மட்டுமே திறக்கும் சிக்னலின் மறையாக்க முறையை உருவாக்கியது, அறக்கட்டளைக்கு முன்பே இந்தச் செயலியை எழுதிய குழு. அதே முறையைத்தான் வாட்ஸ்அப்பும் 2016 முதல் எல்லாச் செய்திகளுக்கும் பயன்படுத்துகிறது. அப்படியானால் மாறுவதற்கு என்ன அவசியம் என்று என் தந்தை கேட்டார். நியாயமான கேள்வி.

செய்திக்குள் இருப்பதை இரண்டு செயலிகளும் மறைக்கின்றன. வேறுபாடு, செய்தியைச் சுற்றி உள்ள தகவலில் இருக்கிறது. யார் யாருடன், எந்த நேரத்தில், எத்தனை முறை பேசினார் என்ற விவரமே பல விசாரணைகளுக்குப் போதுமானது. வாட்ஸ்அப்பின் வழங்கிக் கணினிகளில் இத்தகைய விவரங்களுக்கு இடமுண்டு. சிக்னல் அவற்றைச் சேர்த்து வைப்பதே இல்லை என்பது வெறும் விளம்பர வாக்குறுதியாக இல்லாமல் நீதிமன்ற ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்தில் ஒரு விசாரணைக்காக, இரண்டு தொலைபேசி எண்களைப் பற்றிய தகவல் முழுவதையும் தருமாறு அழைப்பாணை வந்தது. அவற்றுள் ஓர் எண்தான் சிக்னலில் பதிவாகியிருந்தது. அந்த எண்ணைப் பற்றி, அப்போது செயலியை நடத்திய நிறுவனத்தால் கொடுக்க முடிந்தவை இரண்டே விவரங்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைப்பில் வந்த நாள். ஆணைக்குப் பணிந்து இருந்ததை எல்லாம் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது. இந்தச் செயலியை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

நம் நாட்டில் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு கணினி வழித் தொடர்புகளை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2018 டிசம்பரில் பத்து அமைப்புகளுக்கு அந்த அதிகாரத்தை உள்துறை அமைச்சகம் பெயர் குறிப்பிட்டு வழங்கியது. இடைமறிப்பு ஆணையில் கையெழுத்திடுபவர் உள்துறைச் செயலர். அதை மறு ஆய்வு செய்யும் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலர்கள்தாம். எந்தக் கட்டத்திலும் ஒரு நீதிபதி குறுக்கே வருவதில்லை. யாருடைய தொடர்பு கேட்கப்படுகிறதோ அவருக்குப் பின்னாளிலும் தெரிவிக்கப்படுவதில்லை; தெரியாத ஒன்றை எதிர்த்து எவரால் வழக்குத் தொடுக்க முடியும்?

தெரிய வந்தாலும் தீர்வு கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பே சான்று. ஊழல் வழக்கு ஒன்றில் 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாதபோது, மறைவாக நடக்கும் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஒட்டுக்கேட்பது தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுக்குள் வராது என்றும், அவ்வாறு திரட்டிய உரையாடல்களை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் அவர் தீர்ப்பளித்தார். அருமையான தீர்ப்பு; ஆனால் அது வந்து சேர 14 ஆண்டுகள் ஆயின. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அடிப்படை உரிமை என்று அறிவித்த அந்தரங்கம், அன்றாட வாழ்வில் இவ்வளவு தாமதமாகத்தான் கைக்கு எட்டுகிறது என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. சேகரிக்கப்படாத விவரத்துக்காக எவரும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

இனி குறைகள். என் தம்பிக்கு நேர்ந்ததை, அதாவது கைப்பேசியே பிறர் கைக்குப் போய்விடுவதை, சிக்னலால் முழுமையாகத் தடுக்க முடியாது. செயலியில் திரைப் பூட்டு உண்டு என்றாலும், அது கைப்பேசியின் பூட்டையே பயன்படுத்துகிறது; கைப்பேசியைத் திறக்கும் எண்ணைச் சொல்லிவிட்டால் சிக்னலும் திறந்துகொள்ளும். செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வழியில்லாதது பெரிய குறை என்றே கருதுகிறேன். இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது, குறித்த காலத்தில் செய்திகள் தாமே அழியும் வசதி. நான்கு வாரம் வரை கெடு வைக்கலாம். நாங்கள் ஒரு வாரம் வைத்திருக்கிறோம். பேரக்குழந்தையின் படங்கள் மறைந்துவிட்டன என்று என் தாய் முதல் மாதம் மிகவும் வருந்தினார்; வேண்டிய படத்தை அன்றே சேமித்துக்கொள்ளும் பழக்கம் பிறகு வந்துவிட்டது. பூட்டிய திரையில் பெயரும் செய்தியும் தெரியாதபடி அறிவிப்பை மாற்றிக்கொள்வதும் அவசியம். ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: விசாரணைக்காகத் தாக்கல் செய்யக் கடமைப்பட்ட மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது குற்றமாகும். இந்த வசதி அன்றாடப் பேச்சுக்கானது. அழைப்பாணை வந்த பின் கையாளுவதற்கு உரியதன்று. இப்போது நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தெருவோரத்தில் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தரும் கைப்பேசிக்கோ எந்தப் பதிவும் இருப்பதில்லை.

கைப்பேசிக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்துவிட்டால் எந்த மறையாக்கமும் பயன்படாது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததைக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு தெரிவித்ததாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே குறிப்பிட்டது.

தொலைபேசி எண் இல்லாமல் கணக்குத் தொடங்க முடியாதது அடுத்த குறை. அடையாளச் சான்று இல்லாமல் சிம் அட்டை கிடைக்காத நாட்டில், எண் என்பது பெயரும் முகவரியும் சேர்ந்தது. 2024 பிப்ரவரி முதல் பயனர் பெயர் வைத்துக்கொண்டு எண்ணைப் பிறரிடமிருந்து மறைக்க முடிவது நல்ல முன்னேற்றம். பதிவுப் பூட்டைக் கட்டாயம் இயக்கி வைக்க வேண்டும்: 2022இல் சிக்னலுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் நிறுவனத்தில் ஊடுருவல் நடந்தபோது ஏறத்தாழ 1,900 பயனர்களின் எண்கள் ஆபத்துக்கு உள்ளாயின. எண்ணை வேறு கருவியில் பதிவு செய்து கணக்கைக் கைப்பற்றும் முயற்சியை அந்தப் பூட்டு தடுக்கும்.

எனக்குள்ள அச்சம் வேறு. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டித் தர வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் விதி. அதைப் பின்பற்றினால் மறையாக்கம் உடையும் என்றும், கட்டாயப்படுத்தினால் இந்தியாவிலிருந்து வெளியேறுவோம் என்றும் வாட்ஸ்அப் 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கூறியது. மறையாக்கத்தைப் பலவீனப்படுத்துவதைவிட ஒரு நாட்டை விட்டு வெளியேறுவதே மேல் என்ற நிலைப்பாட்டைச் சிக்னலின் தலைவர் மெரிடித் விட்டேக்கர் பிரிட்டனை முன்வைத்து ஏற்கெனவே அறிவித்திருக்கிறார். நாளை நம் நாட்டில் இந்தச் சேவை கிடைக்காமல் போனால், அது செயலியின் தரக் குறைவால் நேர்ந்ததாக இருக்காது.

எங்கள் உறவினர்களில் பெரும்பாலோர் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். திருமண அழைப்பும் கோயில் திருவிழாப் படங்களும் அங்கேயே வரட்டும். மருத்துவ அறிக்கைகள், வங்கி விவரங்கள், வழக்கறிஞருடனான பேச்சு ஆகிய மூன்றையும் சிக்னலுக்கு மாற்றிவிட்டோம். தம்பி இப்போது கைவிரல் ரேகைத் திறப்பை அணைத்துவிட்டு, ஆறிலக்க எண்ணை மட்டும் வைத்திருக்கிறான்.