ரிவர்ஸ் கியரும் மஞ்சித் தூளும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து பொள்ளாச்சி வந்து இறங்கிய மறுநாளே மச்சான் பிக்கப் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். "ரிவர்ஸ் போட்டா ஒரே கத்தல் மாப்ள. நீங்களும் அங்க இதே மாதிரி வண்டிதானே வெச்சிருக்கீங்க, என்னன்னு பாருங்க." ஊருக்கு வந்தவனுக்கு ஓய்வு ஏது!

கத்தியது பார்க்கிங் சென்சார், பின்னால் ஏதாவது தடை இருந்தால் பீப் அடித்து எச்சரிப்பது. ரிவர்ஸ் கியர் போட்டதும் மூன்று விநாடி நீளமாகக் கத்தியது. அப்புறம் அமைதி. சுவர் வரைக்கும் போனாலும் சத்தமே இல்லை. விடாமல் கத்தினால் ஏதோ ஒன்று பம்பரை ஒட்டி இருப்பதாக அது நினைக்கிறது என்று அர்த்தம். சேறு, பின்னால் மாட்டிய கொக்கி, எதுவானாலும் சரி. ஒருமுறை நீளமாகக் கத்தி அடங்கினால், பெரும்பாலான வண்டிகளில், "எனக்கே உடம்பு சரியில்லை" என்று அதுவே சொல்வது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏசி அறை, காபி எல்லாம் ஜோர். வண்டியின் பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டினார்கள், பின்பக்க இடது நடு சென்சார் என்று வந்தது. அந்த சென்சாரும் பம்பர் வயரிங்கும் சேர்த்து மாற்ற 14,000 ரூபாய் சொன்னார்கள். குனிந்து பம்பரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பெர்த்திலும் இதே கதைதான், அங்கே பார்ப்பதற்கே தனிக் கட்டணம்.

உடுமலை ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார் என்று மச்சான் கூட்டிப் போனார். "நாளைக்கு வாங்க" என்றார். அந்த 'நாளைக்கு' மூன்று நாள் இழுத்தது. நான்காம் நாள் இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, ரிவர்ஸ் போடச் சொன்னார். ஒவ்வொரு சென்சாரிடமும் காதை வைத்தார். இந்த சென்சார்கள் 40 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல்கூட ஒலி எழுப்பும். நம் காது 20-க்கு மேல் கேட்காது. ஆனால் விட்டுவிட்டு அனுப்புவதால் ஒவ்வொரு துடிப்பும் மெல்லிய 'டிக் டிக்'காகக் கேட்கும். மூன்றில் கேட்டது, இடது நடுவில் இல்லை.

சரி, ஸ்கேனர் சொன்னதுதானே என்று நினைத்தேன். அவர் பக்கத்து சென்சாரைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். பழுது சென்சாரோடு நகர்ந்தால் சென்சார் கெட்டது. இருந்த இடத்திலேயே இருந்தால் பெரும்பாலும் வயர் கெட்டது. இங்கே அது அசையவில்லை. புது சென்சார் மட்டும் போட்டிருந்தால் அதுவும் ஊமையாகத்தான் இருந்திருக்கும்!

பம்பரை இறக்கினால் உள்ளே கைப்பிடி மஞ்சித் தூள், அதாவது தேங்காய் நார்த் தூள். மச்சான் மஞ்சி மில்லுக்குத் தேங்காய் மட்டை ஏற்றுகிறவர். வாரா வாரம் வாட்டர் சர்வீஸ் வேறு. அத்தனை அழுத்தத் தண்ணீரும் தூளில் ஊறி வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் இறங்கி, அதிலுள்ள ஒரு உலோகப் பின் (pin) பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. பின்னைச் சுத்தம் செய்து, அரித்த வயரை வெட்டி, புதுத் துண்டு வைத்து பற்றவைத்தார். மேலே சுற்ற இன்சுலேஷன் டேப்பை எடுத்தபோது நான் விடவில்லை; பக்கத்துக் கடையில், சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கிப் பிடிக்கும் குழாய் வாங்கி வந்து கொடுத்தேன். "ஃபாரின் வேலைங்க" என்று சிரித்தார். 600 ரூபாய், பில் கிடையாது.

இரண்டு நாள் கழித்து மட்டை ஏற்றிக்கொண்டு வந்த மச்சான் மறுபடியும் புலம்பினார், இப்போது விடாமல் கத்துகிறதாம். இது பழுதில்லை. லோடு ஏற்றினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கி, வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, சென்சார் தரையை நோக்கிக் குனிகிறது; தரையையே தடை என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைக் கூட்டலாம், ஆனால் வெறும் வண்டி குதிக்கும் என்று மச்சான் வேண்டாமென்றுவிட்டார்.

இப்போது லோடு நாளில் சென்சாரை அணைத்துவிட்டு அக்கா பையனைப் பின்னால் நிறுத்துகிறார்கள். "வரட்டும்... வரட்டும்... போதும்!"