கொழுந்தில் புள்ளி விழுந்தால் யாரைக் கேட்பது: செல்போன் ஏஐயா, பக்கத்துத் தோட்டமா, குன்னூர் ஆபீசா?

போன ஐப்பசியில் ஒரு வாரம் வெயில் தலைகாட்டவே இல்லை. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் தேயிலையில் கொழுந்து முழுக்கப் புள்ளி. இலையைத் தூக்கிப் பிடித்தால், எண்ணெய் பட்ட காகிதம் போல வட்டம் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. சில நாளில் அந்த வட்டம் மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைத்துக்கொண்டது.

மூன்று இடத்தில் கேட்டேன். செல்போனில் ஒரு ஏஐ செயலி, பக்கத்துத் தோட்டத்து அண்ணன், குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையம். ஏஐ மேல் ஜனங்களுக்குச் சந்தேகம் கூடிவருவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, விவரம் தெரியாதவர்களின் பயம் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அந்த மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வேகத்தில் செயலியை யாரும் ஜெயிக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்குப் போட்டோ அனுப்பினேன், அரை நிமிடத்தில் பதில். நல்ல தமிழ், வரிசையாக ஐந்து யோசனை. ஆனால் வெயிலில் கருகிய இலை என்றது. ஒரு வாரமாக வெயிலே இல்லாத ஊரில்! “இது கொப்புள நோய்தானே?” என்று, ஈரத்தில் தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் பூஞ்சை நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டு, ஆமாம், கொப்புள நோய்தான் என்றது. சோதித்துப் பார்க்கலாம் என்று, “இல்லை, சிவப்புச் சிலந்தி போலத் தெரிகிறதே” என்றேன். அதற்கும் ஆமாம். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேனோ அந்தப் பக்கமே அதுவும் சாய்ந்தது. அதைவிட எனக்கு உறுத்தியது அதன் குரல். தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் ஒரே நிச்சயம். மனிதர்கள் தயங்கினால் நமக்குத் தெரிந்துவிடும், இதில் தெரியாது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இப்படித்தான் மாட்டினார்கள். சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகளை மனுவில் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. கோர்ட் 5,000 டாலர் அபராதம் போட்டது.

அண்ணன் மறுநாள் காலையில்தான் வந்தார். இலையைக் கிள்ளித் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. “கொப்புளம்தான் தம்பி. அந்த மேல்பாத்தியிலதானே ஜாஸ்தி?” என்றார். ஆமாம். நிமிர்ந்து, தேயிலைக்கு நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் காட்டினார். இரண்டு வருஷமாக நான் கிளை கழிக்கவில்லை. நிழல் கூடி, இலை ஈரம் காயாமல் நின்றால் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எந்தப் போட்டோவிலும் அந்த மரங்கள் இல்லை. செயலி அதைக் கேட்கவும் இல்லை.

அண்ணன் சொன்னதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் இல்லை. அவர் கொட்டகையில் பாதி தீர்ந்த மருந்து டப்பா ஒன்று இருந்தது, அதையே அடிக்கச் சொன்னார். தேயிலைக்கு எந்த மருந்து அடிக்கலாம் என்பதற்கு டீ போர்டின் பயிர்ப் பாதுகாப்பு விதிமுறையில் பட்டியல் உண்டு, அதை அவ்வப்போது திருத்துகிறார்கள். பட்டியலில் இல்லாததை அடித்து, தேயிலைத் தூளில் மருந்தின் மிச்சம் தெரிந்தால், பேக்டரி நம் இலையை எடுக்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் சரியாக இருந்த அறிவு இன்று நஷ்டமாகலாம்.

குன்னூருக்கு பஸ்ஸில் போனால் அரை நாள் போய்விடும். பறிப்பு நாளில் அது சின்ன விஷயம் இல்லை. நான் பாலிதீன் பையில் இலையைக் கொண்டுபோனேன். பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி, கடைசி ரவுண்டு எப்போது பறித்தீர்கள் என்பது. அப்புறம்தான் மருந்தின் பெயர், அளவு, அடித்த பிறகு குறைந்தது 7 நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்ற விவரம். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளைக்குத் தப்பாகப் போனால் அதை எடுத்துக்கொண்டு அதே மேஜைக்குப் போய் நிற்கலாம். அண்ணனிடமும் வேலி ஓரத்தில் நின்று சண்டை போடலாம். செயலியிடம் எங்கே போய் நிற்பது? அதன் அடியில், தவறு இருக்கலாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. சரிபார்க்கும் வேலை நமக்கு, பேர் செயலிக் கம்பெனிக்கு.

கனடாவில் ஒரு வழக்கில் இது வெளிப்படையாகவே வந்தது. ஏர் கனடாவின் சாட்பாட், துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? சாட்பாட் தனி ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்று. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. பாராட்டை வாங்க முன்னால் நிற்கிற கம்பெனி, பழி வரும்போது மெஷினைக் காட்டிவிட்டு நகர்ந்தால் ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, ஏஐ பெருகுவது உற்சாகத்தைவிடக் கவலையே தருகிறது என்றவர்கள் 2021-ல் 37 சதவீதம், 2025-ல் 50 சதவீதம். இத்தனைக்கும் அந்த நாலு வருஷத்தில்தான் ஏஐ எல்லார் கைக்கும் வந்தது. பழகப் பழகச் சந்தேகமும் கூடியிருக்கிறது. இந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட ஜெஃப்ரி ஹின்டன், ஆபத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று 2023-ல் கூகுளை விட்டு வந்தார். அடுத்த வருஷம் இயற்பியல் நோபல் வாங்கினார். அவரை விவரம் தெரியாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

செலவில் செயலி இலவசம், மற்ற இரண்டுக்கும் பஸ் காசும் ஒரு டீயும். ஆனால் இலவசம் என்ற சொல்லை மலைக்காரர்கள் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2024-ல் உலகின் டேட்டா சென்டர்கள் (ஏஐ ஓடுவதும் இவற்றில்தான்) எடுத்த கரண்ட் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. 1932-லிருந்து பைக்காரா தண்ணீரில் கரண்ட் எடுத்துக் கீழே அனுப்பும் மலை இது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே ஏஐயை நான் முழு மனதோடு வரவேற்கும் இடமும் உண்டு. கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயில் மோதி யானைகள் சாவதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் தண்டவாளம் ஓரமாக 12 கோபுரங்களில் ஏஐ கேமரா வைத்தார்கள். யானை வருவதைக் கண்டால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகிறது, ரயில் வேகத்தைக் குறைக்கிறது. வேலை ஒன்றே ஒன்று. தகவலுக்கு அந்தப் பக்கம் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் இருக்கிறார், தப்பினால் அவரைக் கேட்கலாம். இருட்டில் மனிதக் கண்ணுக்குத் தெரியாததை அது பார்க்கிறது. கூடலூரிலும் பந்தலூரிலும் விடிகாலை வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கு, முன்னால் யானை நிற்கிறது என்று ஒரு நிமிடம் முன்கூட்டித் தெரிந்தாலும் அது உயிர். ஆனால் கேமரா வந்துவிட்டது என்று காவலுக்கு நிற்கும் ஆட்களைக் குறைத்தால், நானே முதல் ஆளாக எதிர்ப்பேன்.

இப்போது வீட்டில் என்ன ஏற்பாடு என்றால், ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கையைத் தமிழில் புரிந்துகொள்ளவும், மனு எழுதவும் செயலி. அதை நான் விடப்போவதில்லை, பையனைத் தேடி ஓட வேண்டியதில்லாமல் செய்திருக்கிறது. நோய் என்னவென்று பார்க்க அண்ணன். மருந்து என்றால் குன்னூர்ச் சீட்டு இல்லாமல் டப்பாவைத் திறப்பதில்லை. கார்த்திகையில் மழை விட்டதும் ஆள் வைத்து மேல்பாத்தி சில்வர் ஓக் கிளைகளைக் கழித்தேன். அடுத்த ரவுண்டில் அங்கே இரண்டு இலையும் மொட்டும் சுத்தமாக வந்தது.