ஊட்டி ஹைட்ராஞ்சியா: புதுக் கொத்தா, காய்ந்த கொத்தா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சில பூக்கடைகளில், பந்து போலக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா இரண்டு விதமாகவும் கிடைக்கும்: அன்று வெட்டியது, காய்ந்தது. மலையிலேயே வீடு என்றால் முதலாவது. மேட்டுப்பாளையம் தாண்டிப் போகிறவர்களுக்குக் காய்ந்ததுதான் சரி. புதுக் கொத்து கீழே சூட்டில் துவண்டுவிடும்.

மலையில்கூட அது சீக்கிரம் தலை தொங்கும். வெட்டிய தண்டில் கசியும் பிசுபிசுப்பான சாறு, தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிடுகிறது. கடையில் தண்ணீர் தெளித்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பூவைப் பார்த்து ஏமாறாமல் தண்டின் அடியைப் பாருங்கள். பழுப்பேறி வழவழவென்றிருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அடியில் இரண்டு விரற்கடை சாய்வாக வெட்டி, முனையை ஒரு சென்டிமீட்டருக்குப் படிகாரத் தூளில் தோய்த்து உடனே தண்ணீரில் வையுங்கள். இலைகளைக் கிள்ளிவிடுங்கள், தண்ணீரை அவையே குடித்துத் தீர்க்கும். தொங்கிப்போன கொத்தையும் எறிய வேண்டாம். வாளித் தண்ணீரில் தலைகீழாக முக்கால் மணி நேரம் முழுக்கி வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இதழ் வழியாகவும் தண்ணீர் இழுக்கும் பூ இது.

காய்ந்ததன் தரம் கடைக்குக் கடை மாறுகிறது. ஓரம் சுருண்டு பழுப்பேறியிருந்தால் இளசில் வெட்டியது. நீலம் பளிச்சென்று கண்ணைப் பறித்தால் சாயமாக இருக்கலாம். ஈரத் துணியால் ஓர் இதழைத் தேய்த்தால் தெரிந்துவிடும். கொத்தின் நடுவை விரித்துப் பாருங்கள், பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைத்த சரக்கென்றால் கூடுதல் கவனம் தேவை.

அதைவிட, முற்றிய கொத்தை வாங்கி நாமே காயவைப்பது மேல். நீலத்தில் பச்சை ஓடி, தொட்டால் காகிதம் மாதிரி இருக்க வேண்டும். இலையெல்லாம் எடுத்து, 5 சென்டிமீட்டர் தண்ணீரில், ஒன்றோடொன்று இடிக்காமல், வெயில் படாத காற்றோட்டமான அறையில் நிறுத்துங்கள். வற்றினால் மறுபடி ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். ஜன்னலோரம் வைத்தால் நிறம் வெளுக்கும். தூசிக்கு ஹேர் டிரையரின் குளிர்காற்று போதும்.

சில இடங்களில் செடியும் விற்பார்கள், ‘கீழேயும் இதே நீலம்தான்’ என்று. மலையின் அமில மண்ணில் கரைந்து வேருக்குக் கிடைக்கும் அலுமினியம்தான் அந்த நீலம். சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும், அதுவும் சமவெளி வெயிலுக்குத் தப்பினால்.