பழைய கார் ரேடியோவும் கசெட்டுகளும்: மட்டக்களப்பில் ஒரு திருத்தகம்

மட்டக்களப்பு நகரில், திருமலை வீதியை ஒட்டிய ஒழுங்கையொன்றில் உள்ள இந்தத் திருத்தகத்தின் முதன்மையான தொழில் கார்களுக்குப் புதிய செட் பூட்டுவதுதான். எனினும் பழைய கசெட் ரேடியோக்களைத் திருத்துவதையும், கசெட்டில் உள்ளதைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதையும் கேட்டால் செய்கிறார்கள். அப்பாவின் மொரிஸ் மைனரில் இருந்த ரேடியோவையும் வீட்டிலிருந்த கசெட்டுகளையும் அங்கே ஒப்படைத்தேன்.

ரேடியோவின் பழுது சிறியது. இறப்பர் பட்டி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியதால், எவர் பாடினாலும் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் கேட்டது. பட்டியை மாற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, வேகத்தையும் சரிசெய்தார்கள். கூலி நியாயமானது.

கசெட்டுகளில்தான் எனக்குக் கவலை இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையிலிருந்து அம்மா பதிவுசெய்தவை, பாட்டுகளுக்கிடையே பி.எச். அப்துல் ஹமீத்தின் குரலும் விளம்பரங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் வரும். கல்முனைக்குப் போகையில், 1924இல் திறக்கப்பட்ட கல்லடி இரும்புப் பாலத்துக்குள் கார் நுழைந்ததும் ரேடியோவின் மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு தேய்ந்துவிடும். பக்கங்களிலும் மேலேயும் சூழ்ந்த இரும்புச் சட்டகம் அலையை உள்ளே விடாது. பாட்டு முடியவில்லையே என்று அம்மா சலித்துக்கொள்ள, அப்பா கசெட்டைத் தள்ளுவார். பின் ஆசனத்தில் இருந்த எங்களுக்கு அந்த விளம்பரங்கள்கூட வரிசையாக மனப்பாடம். (2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இந்தத் தொல்லை இல்லை.)

இதை அறியாத பணியாளர், "அறிவிப்பாளர்ட குரல வெட்டி உடவா, அண்ணன்?" என்று முன்கூட்டியே கேட்டார். கேட்காமல் வெட்டியிருந்தால் எனக்கு வேண்டியதில் பாதி போயிருக்கும். இக்கடையை நான் பரிந்துரைப்பதற்கு இந்தக் கேள்வியே முதற்காரணம். ஆனால் இரைச்சலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஒரு கசெட்டில் மென்பொருளைக் கொண்டு இரைச்சலை முழுதாக நீக்கியதில், குரலின் கனமும் சேர்ந்து போய்விட்டது. சொன்னதும் முகம் சுளிக்காமல், மேலதிகப் பணமும் வாங்காமல் மீண்டும் பதிந்து தந்தார்கள்.

இன்னொரு குறை, 90 நிமிடக் கசெட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் 45 நிமிட ஒரே கோப்பாகத் தருவது. கார் ஓட்டிக்கொண்டே வேண்டிய பாட்டைத் தேட முடியாது. பாட்டுப் பாட்டாகப் பிரிக்கத் தனிக் கட்டணம் உண்டு. சொன்ன தவணையும் ஒருமுறை தள்ளிப்போனது. கசெட் கொடுப்பவர்கள், எதை வெட்ட வேண்டாம், இரைச்சலை எவ்வளவு விட வேண்டும் என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்வது நல்லது.