தேக்குத் தூண் என்று நம்பி 1,78,000 ரூபாய் ஏமாந்தேன்

வயிறு எரியும்போதே எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் "போனது போகட்டும், விடு" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுவிடுவேன். செதுக்கிய மரத்தூண் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

புது வீட்டுத் திண்ணைக்கு நான்கு தூண் தேவைப்பட்டது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்த நாளிலிருந்து இருக்கிற ஆசை. வழவழவென்ற உருட்டுத் தூண் வேண்டாம், கோயில் மண்டபத் தூண் மாதிரி செதுக்கியதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். கிடைத்தது, கோயில் பாணி மரவேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு கடை. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நான் விழுந்தது விலையில் இல்லை, படங்களில் இல்லை. போனில் பேசிய ஆள் தூணை அடியிலிருந்து முடிவரை ஒப்பித்தான். "கீழ சதுரம், அதோட மூலையில நாகபந்தம், மேல எட்டுப்பட்டை, அப்புறம் கலசம், தாடி, குடம், இதழ், பலகை. அதுக்கும் மேல போதிகை அக்கா, வாழைப்பூ தொங்குற மாதிரி." நாகபந்தம் என்றால் சதுரத்தின் மூலையில் பாம்புப் படம் போலச் செதுக்குவது, போதிகை என்றால் தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை. எத்தனையோ வருஷமாகக் கோயில் கோயிலாக அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்ட சொற்கள் இவை. வீட்டில் யாரிடம் சொன்னாலும் கொட்டாவி விடுவார்கள். இவன் கடகடவென்று சொன்னதும் உருகிவிட்டேன். சொல் தெரிந்தவனுக்கு வேலையும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்து ஒரு வீடியோ. பெரியவர் ஒருவர் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்திருக்கிறார். "அரும்பாவூர் ஆளுங்க அக்கா." பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரியவர்தான் என் தூணைச் செய்கிறாரா என்று கேட்கத் தோன்றவில்லை. அவருக்கே தன் வீடியோ இப்படிச் சுற்றுவது தெரியுமோ என்னவோ.

தூண் ஒன்று 41,000. நான்குக்கு 1,64,000, லாரி வாடகை 14,000. ஆக 1,78,000 ரூபாய். ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தேன். சரக்கு வந்த அன்று, பாக்கி 78,000 ஏறினால்தான் இறக்குவேன் என்று டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தூணில் சுற்றியிருந்த சாக்கைக்கூடப் பிரிக்காமல் பணத்தை அனுப்பினேன்.

ஒவ்வொரு தூணையும் ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அப்போதே உறைத்திருக்க வேண்டும். எட்டடி உயரம், எட்டங்குலச் சதுரம் என்றால் மூன்றரைக் கன அடி மரம். காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. செதுக்கிக் கழித்தது போக ஐம்பது கிலோவாவது இருக்க வேண்டாமா? நானோ, "பாத்துப்பா, பூ உடைஞ்சிடப் போகுது" என்று அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆசாரி வந்து விரலால் தட்டினார். டொக் டொக் என்றது. அடியில் உளி வைத்து லேசாகச் சீவினார். தேக்கு நிறச் சாயத்துக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஏதோ மரம். "இதுமேல உத்திரத்தை ஏத்த மாட்டேன்மா" என்று கருவியைக் கீழே வைத்துவிட்டார். நான்கு பலகையைப் பெட்டி மாதிரி ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை. செதுக்கல் என்றார்களே, அதுவும் மரத்தூளையும் பிசினையும் அச்சில் வார்த்து ஒட்டியது. நான்கு போதிகையிலும் ஒரே இதழில் ஒரே மூளி!

அந்த மூளியைப் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "கைவேலைன்னா ஒண்ணு போல ஒண்ணு இருக்காது மேடம்." படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பாக்கிப் பணம் போகும்வரை நான் அக்கா, போனபின் மேடம். அடுத்த நாள் "மரம் மூச்சு விடும் மேடம், சத்தம் அப்படித்தான் வரும்." அதற்கடுத்த நாள் முதலாளி கேரளாவுக்கு மரம் எடுக்கப் போயிருந்தார். பிறகு, ஆர்டர் கொடுத்துச் செய்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம், வேண்டுமானால் அடுத்த ஆர்டரில் 5,000 தள்ளுபடி என்றார்கள். அடுத்த ஆர்டராம்! பன்னிரண்டு நாளாகிறது. இப்போது மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

பில்லைத் தேடி எடுத்தால் "அலங்கார மரத்தூண் - 4" என்று மட்டும் இருக்கிறது. தேக்கு என்ற சொல்லே இல்லை. தேக்கு என்று வாய் நிறையச் சொல்லி எனக்கு அனுப்பிய குரல் பதிவுகளையும் அவர்களே அழித்துவிட்டார்கள். 1,78,000 ரூபாய்க்கு என் கையில் இருப்பது இந்த ஒரு வரிதான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நம் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். போடப்போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. மர வகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இறக்கியதும் எடை போடுங்கள். சாயம் அடிக்கும் முன் வெட்டுமுகத்தைப் பார்க்க உங்கள் ஆசாரியைக் கூட்டிப் போங்கள். குரல் பதிவு வந்தவுடன் வேறு இடத்தில் சேமியுங்கள். சாக்கைப் பிரிக்காமல் பாக்கி கொடுக்காதீர்கள்.

திண்ணைக் கூரை இரும்பு முட்டில் நிற்கிறது. முட்டுக்கு நாள் வாடகை வேறு. ஆசாரி கூப்பிடுகிறார், மீதி அப்புறம்.