பத்மினிக்கு ஜெட் மாற்றிய கதை: புதுச்சேரி மூலக்குளம் கார்புரேட்டர் பட்டறை பற்றி

எங்கள் வீட்டில் 1986ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. 1089 சி.சி. எஞ்சினும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டரும் கொண்ட அந்த வண்டியை, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டிச் சென்று, வில்லியனூர் சாலையில் மூலக்குளத்தைத் தாண்டி உள்ளடங்கிய தெருவில் இருக்கும் இந்தச் சிறிய பட்டறையில் மூன்று முறை காட்டினேன். மூன்று முறை போக வேண்டியிருந்தது ஒரு குறைதான். ஆனால் ஜெட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகை, அளந்து பார்த்துவிட்டு மாற்றுகிற இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடாக உயர்ந்த காலத்திலிருந்தே வண்டிக்கு ஒரு தயக்கம் வந்திருந்தது. ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது ஒரு நொடி மூச்சு விடாமல் நின்று, பிறகே இழுக்கும். வேறு ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது, மெயின் ஜெட்டைக் கழற்றிக் கையடக்கத் துளைக்கருவியால் துளையைச் சற்றுப் பெரிதாக்கி மாட்டிக் கொடுத்தார். தயக்கம் போகவில்லை. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 9க்கு இறங்கியது. பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்தன. சைலன்சரிலிருந்து வரும் பெட்ரோல் வாசனை பின்னால் வருகிறவரையே முகம் சுளிக்க வைத்தது.

இந்தப் பட்டறையின் உரிமையாளர் அறுபது வயதை நெருங்கியவர். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணன் என்றே அழைக்கிறேன். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. டேப்பெட் இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, டைமிங் ஆகியவற்றைச் சரிபார்த்தார். மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும் கார்புரேட்டரின் அடித்தட்டிலும் காற்று உள்ளே கசிகிறதா என்று தேடினார். பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையைத் திறந்து, பெட்ரோல் மட்டம் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்பதைக் காட்டி, நீடில் வால்வின் வாஷரை மாற்றி மட்டத்தைச் சரிசெய்தார். மட்டம் தாழ்ந்திருந்தால் எந்த ஜெட்டைப் போட்டாலும் கலவை லீனாகவே, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாததாகவே தெரியும் என்பதால், இதை முடிக்காமல் ஜெட்டைப் பற்றிப் பேசுவதே வீண் என்பது அவர் கருத்து. எனக்கும் இப்போது அதுவே சரியாகப் படுகிறது.

அதன் பிறகுதான் மெயின் ஜெட் மேசைக்கு வந்தது. அதன் தலையில் 120 என்று பொறித்திருந்தது. சோலெக்ஸில் அந்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 120 என்றால் 1.20 மி.மீ. அண்ணன் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். 0.01 மி.மீ. வித்தியாசத்தில் வரிசையாக நிற்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் உள்ளே இருந்தன. 1.20 கம்பி ஜெட்டுக்குள் விழுந்தே போயிற்று. 1.25 கம்பியும், 1.28 கம்பியும் அப்படியே. 1.30 விரல் நுனியால் லேசாக அழுத்தியதும் நுழைந்தது, 1.31 நுழையவில்லை. பொற்கொல்லர் வைத்திருப்பது போன்ற பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, "எண்ணைப் பார்க்காதீங்க தம்பி, ஓட்டையைப் பாருங்க" என்றார். உள்சுவரில் துளைக்கருவி கீறிய சுருள் கோடுகள் தெரிந்தன. துளையும் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தது. நீண்ட துளையில் கம்பி காட்டுவது குறுகிய பக்கத்தின் அளவை மட்டுமே; உண்மையில் பெட்ரோல் போகும் வழி அதைவிடவும் பெரிது.

பெட்ரோலின் அளவு விட்டத்தைப் பொறுத்தது அன்று, துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கமாக வளர்கிறது. 1.20 துளை 1.30 ஆனால் விட்டம் 8 விழுக்காடுதான் கூடும், ஆனால் பெட்ரோல் ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுதலாக இறங்கும். எங்கள் வண்டியின் பிளக்குகள் கறுத்ததன் கணக்கு இதுதான். இன்னொரு பக்கம், பழைய 120ஐ அப்படியே திருப்பிப் போடுவதும் சரியாக இருந்திருக்காது. தூய பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு 8 அல்லது 9 விழுக்காடு கூடுதல் எரிபொருள் தேவை. 120லிருந்து 125க்குப் போனால் பரப்பு 8.5 விழுக்காடு கூடுகிறது. இந்தக் கணக்கை அண்ணன் பழைய பில்லின் பின்புறத்தில் எழுதிக் காட்டிவிட்டு, புதிய 125ஐயும் கம்பியால் அளந்த பின்னரே மாட்டினார்.

தயக்கத்துக்குக் காரணம் மெயின் ஜெட்டே அல்ல. ஐட்லிங்கிலும், ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும் தொடக்கத்திலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். த்ராட்டில் நன்றாகத் திறந்த பிறகே மெயின் ஜெட் பொறுப்பேற்கிறது. ஆகவே முன்பு மெயின் ஜெட்டைத் துளைத்தது, காலில் வலி என்றவருக்குக் கையில் கட்டுப் போட்டது போலாகிவிட்டது. எங்கள் வண்டியில் இருந்த பைலட் 45. கடைகளில் அடுத்ததாக எளிதில் கிடைப்பது 50. ஆனால் சிறிய துளையில் ஒவ்வொரு படியும் பெரிய மாற்றம் என்பதால், 45லிருந்து 50க்குத் தாவினால் 23 விழுக்காடு கூடிவிடும். அவர் தன் டப்பாவில் தேடி 47.5 ஒன்றை எடுத்துப் போட்டார். இது 11 விழுக்காடு. மிக்சர் ஸ்க்ரூவை மீண்டும் அமைத்ததும் தயக்கம் அன்றே மறைந்தது. இந்த 47.5க்காகவே கடலூரிலிருந்து போனது தகும் என்பேன்.

இரண்டாம் முறை காலை ஐந்தரை மணிக்கு வரச் சொன்னார். வில்லியனூரைத் தாண்டிக் கண்டமங்கலம் போகும் வழியில், சாலை காலியாக இருந்த நேரத்தில், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் கம்பை மூன்றாவதில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி ஓட்டினார். வேகம் ஏறியதும் கிளட்ச்சை மிதித்து எஞ்சினை அணைத்து, வண்டியைத் தானாக உருட்டி ஓரம் கட்டினார். சூடான பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் அடிப்பகுதி வரை டார்ச் அடித்துப் பார்த்தபோது, அங்கே இருக்க வேண்டிய மங்கிய வளையம் மிக மெல்லியதாக இருந்தது. குறைந்த வேகத்தில் சரியாக இருக்கும் கலவை உச்ச வேகத்தில் மட்டும் லீனாகிறது என்றால், கை வைக்க வேண்டியது பெட்ரோலோடு காற்றைச் சேர்க்கும் ஏர் ஜெட்டில். அதன் துளை பெரிதானால் உச்சத்தில் காற்று கூடும், சிறிதானால் கலவை செறிவாகும். மெயின் ஜெட்டுக்கு நேர் எதிர். ஒரு படி சிறிய ஏர் ஜெட் கையிருப்பில் இல்லாததால்தான் மூன்றாம் பயணம். அதை மாட்டிய பிறகு லிட்டருக்கு 12.5 கிடைக்கிறது, நெடுஞ்சாலையில் இழுவையும் திரும்பிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏர் ஜெட் இருப்பு மிகக் குறைவு. முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஒரு பயணத்தை மிச்சப்படுத்தலாம். புகைக்குழாயில் சென்சார் வைத்துக் கலவை விகிதத்தை எண்ணாகக் காட்டும் மீட்டர் இங்கே இல்லை. பிளக்கின் நிறத்தைப் படிப்பது அனுபவமுள்ள கண்ணுக்கு எட்டும் வித்தையே ஆனாலும், ஓட்டும்போதே ஒவ்வொரு வேகத்திலும் விகிதத்தைக் காட்டும் கருவி இருந்திருந்தால் ஏர் ஜெட்டின் குறை முதல் நாளே தெரிந்திருக்கும். தொலைபேசியில் விவரம் கேட்டால் வண்டியைக் கொண்டு வாருங்கள் என்பதே பதில்.

ஜெட்டை நீங்களே வாங்கிப் போவதாக இருந்தால் கவனம் தேவை. நான் வெளியே வாங்கிய நான்கு 125 ஜெட்டுகளில் ஒன்றில் 1.23 கம்பியே நுழையவில்லை. இன்னொன்றின் வாயில் பிசிறு இருந்தது. பைக் ஜெட்டைப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பைக் கார்புரேட்டர்கள் செய்யும் மிக்குனி நிறுவனத்தின் அறுகோணத் தலை ஜெட்டுகளில் எண் துளையின் விட்டத்தைச் சொல்வதில்லை, பெட்ரோல் பாயும் அளவைச் சொல்கிறது. இரண்டு 125களும் ஒன்றல்ல.

ஜெட்டுகள், வாஷர், கேஸ்கெட், மூன்று நாள் கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய் கொடுத்தேன். போகும்போது கார்புரேட்டரோடு வந்த பழைய ஜெட்டுகள் வீட்டில் கிடந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். துளைக்காத ஒரு பழைய ஜெட் புதியதைவிட நம்பகமானது என்று அண்ணன் அவற்றைத்தான் முதலில் அளந்து பார்ப்பார். துளைத்துக் கெடுத்த என் 120ஐ ஒரு காகிதத்தில் மடித்து, மேலே "1.30" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.