ரெவிட் மின் வடிவமைப்புப் பயிற்சிக்கு 42,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: பணம் கட்டும் முன் படியுங்கள்

அந்தப் பயிற்சி மையத்தின் படிக்கட்டிலிருந்து நேற்று மாலை மூன்றாவது முறையாக வெறுங்கையோடு இறங்கினேன். கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாடலாக உருவாக்கும் ரெவிட் மென்பொருளில் மின் வடிவமைப்பை முழுமையாகக் கற்றுத் தருவதாகச் சொல்லி என்னிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள், கற்றுத் தரவும் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. புகார் கொடுக்க இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கோவையில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில், ஆட்டோகேட், ரெவிட் என்று பலகை வைத்து நடத்தப்படும் மையம் என்பது மட்டும் போதும். நல்ல மையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் மின்னியல் பொறியியல் முடித்து, இரண்டு ஆண்டுகள் ஒரு மின் ஒப்பந்ததாரரிடம் தளப் பணியில் இருந்தவன். கண்டூயிட் (வயர் செல்லும் குழாய்) பதிப்பதும், வயர் இழுப்பதும், டிபி (மின்சாரத்தைப் பல சர்க்யூட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கட்டுவதும் எனக்குக் கைவந்த வேலைகள். ஆனால் கட்டட மின் வடிவமைப்பு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தால், ரெவிட் தெரியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆட்டோகேட் வரைபடத்தில் விளக்கு என்பது பெரும்பாலும் ஒரு குறியீடு மட்டுமே. ரெவிட்டில் அதே விளக்கு தன் வோல்டேஜையும் வாட்டையும் தன்னுடன் வைத்திருக்கும். எந்த டிபியின் எந்த சர்க்யூட்டில் சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் அதனுடனேயே இருக்கும். அதைக் கற்பதற்காகத்தான், அம்மா ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்த 42,000 ரூபாயை அங்கே கொண்டுபோய்க் கட்டினேன்.

நான் நம்பிய அந்த நிமிடத்தைச் சொல்ல வேண்டும். மாதிரி வகுப்பில் ஒருவர் நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தின் மாடலைத் திறந்து, திரையின் ஒரு பாதியில் தளத்தையும் மறு பாதியில் பேனல் ஷெட்யூலையும், அதாவது ஒரு டிபியின் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் எவ்வளவு லோடு என்று காட்டும் அட்டவணையையும் வைத்தார். கூட்ட அறையில் இருந்த இரண்டு விளக்குகளை அழித்தார். அவ்வளவுதான், பேனல் ஷெட்யூலில் அந்த சர்க்யூட்டின் லோடு அந்தக் கணமே குறைந்தது. தளத்தில் சிமெண்ட் பை அட்டையின் பின்புறம் பென்சிலால் லோடு கூட்டி, மூன்று பேஸுக்கும் பிரித்து, கடைசி நேரத்தில் இரண்டு ஏசி கூடிவிட்டால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடியும் கூட்டியவனுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே தவணையில் கட்டினால் 5,000 ரூபாய் தள்ளுபடி என்றார்கள். அன்று மாலையே கட்டினேன். வரவேற்பில் இருந்த பெண், இனி இது உங்கள் வீடு மாதிரி சார் என்று சொல்லி ரசீது கொடுத்தார்.

மாதிரி வகுப்பு எடுத்தவரை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை. வகுப்புக்கு வந்தவர் கட்டடக்கலைப் பிரிவுக்கு ரெவிட் சொல்லித் தருபவர் என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. சுவர், கதவு, சன்னல் என்றே நாட்கள் ஓடின. மின் பகுதிக்கு வந்தபோது, அவர் திறந்த கோப்பு அமெரிக்க அமைப்பில், 120/208 வோல்ட்டில் இருந்தது. நான் வைத்த விளக்குகளும் 120 வோல்ட். டிபியை மட்டும் நம் ஊர் வழக்கப்படி 230/400 வோல்ட்டுக்கு மாற்றினேன். விளக்குகளைத் தேர்ந்தெடுத்து, பேனலை (ரெவிட்டில் டிபிக்கு அதுதான் பெயர்) தெரிவு செய்யும் பட்டியலைத் திறந்தால், என் டிபியின் பெயர் அதில் வரவே இல்லை. வோல்டேஜ் ஒத்துப்போகாத பேனலை ரெவிட் அந்தப் பட்டியலில் காட்டாது என்பதைப் பல வாரங்கள் கழித்து நானே தேடித் தெரிந்துகொண்டேன். அன்று பயிற்சியாளர் என்ன சொன்னார் தெரியுமா? விளக்கிலிருந்து டிபி வரை ஒரு கோடு வரைந்துவிடுங்கள், படத்தில் பார்க்கச் சரியாக இருக்கும் என்றார். அந்தக் கோட்டை ஆட்டோகேடிலேயே வரைந்திருப்பேனே, அதற்கு எதற்கு 42,000 ரூபாய்?

சொன்னது 60 மணி நேரம். நடந்தது 22 மணி நேரம். பேனல் ஷெட்யூல், டிமாண்ட் ஃபேக்டர் (மொத்த லோடில் ஒரே நேரத்தில் எவ்வளவு தேவைப்படும் என்ற விகிதம்), கேபிள் டிரே (கேபிள்களைத் தாங்கிச் செல்லும் தட்டு) எதுவுமே எடுக்கவில்லை. இதற்கிடையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்து, சிறிய தளம் ஒன்றைக் கொடுத்து மாடல் செய்யச் சொன்னார்கள். சோதித்த பெரியவர் பேனல் ஷெட்யூலைத் திறந்தார். எல்லா வரிசையும் காலியாக இருந்தது. தம்பி, உங்கள் விளக்கு ஒன்றுகூட சர்க்யூட்டில் இல்லையே என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குத் தலை நிமிரவில்லை.

பணத்தைக் கேட்டு முதல் முறை போனபோது, மேலாளர் சென்னை போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாம் முறை, வேண்டுமானால் ஆட்டோகேட் வகுப்பில் வந்து உட்காருங்கள் என்றார்கள். நேற்று, வீடு மாதிரி என்று சொன்ன அதே பெண், நீங்கள் எந்த வகுப்பு சார் என்று கேட்டார். உள்ளிருந்து வந்த மேலாளர், கட்டணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டிவிட்டு, உங்களுக்கு அடிப்படை போதவில்லை என்றார். இரண்டு ஆண்டுகள் டிபி கட்டியவனிடம் இதைச் சொன்னார். 42,000 ரூபாய் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை ஓடவில்லை. மாதிரி வகுப்பில் முடித்து வைத்த கோப்பைக் காட்டினால் நம்பாதீர்கள். வெற்றுக் கோப்பைத் திறந்து, 230/400 வோல்ட்டை அமைத்து, ஒரு டிபியும் நான்கு விளக்குகளும் வைத்து, சர்க்யூட் போட்டு, பேனல் ஷெட்யூல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அது சில நிமிட வேலை. வகுப்பெடுப்பவரின் பெயரையும் மணிக்கணக்கையும் எழுத்தில் வாங்குங்கள். தள்ளுபடிக்காக மொத்தமாகக் கட்டாதீர்கள். மென்பொருளுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தகுதியுள்ள கல்லூரி மாணவர்களுக்கு ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகவே தருகிறது, மற்றவர்கள் இலவச சோதனைப் பதிப்பில் தொடங்கலாம். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

என்னோடு படித்த ஆறு பேரும் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை புகார் பதிவு செய்யப் போகிறேன். சேர்ந்து கொடுக்க நினைப்பவர்கள் அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.